முட்டையும் ரைட்டும்

என் மகன் குடும்பத்தோடு ஜப்பானிலிருந்து திரும்பி வந்தபோது, பேத்தியின் பழைய நோட்டுகள் தனியாக ஒரு பையில் வந்தன. வீட்டில் வேறு இடம் இல்லாததால் மருமகள் அந்தப் பையை என் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். ஒரு மத்தியானம் அவள் துணி காயப்போட மாடிக்குப் போன நேரம், நான் ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தேன். கட்டடத்துக்குச் சாரம் கட்டின மாதிரி குச்சி குச்சியாக எழுத்து. ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் டீச்சர் சிவப்பு மையில் போட்டிருந்தது மட்டும் நன்றாக விளங்கியது. பக்கத்துக்குப் பக்கம் முட்டை.

முட்டையை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். இதே பாரிவாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள் நான். கணக்கு சரியாகப் போட்டால் ரைட்டு. தப்பாகப் போட்டால் பெருக்கல் குறி மாதிரி ஒரு இண்டு. ஒன்றுமே தேறாவிட்டால் சிலேட்டில் பெரிதாக ஒரு முட்டை. "எடுத்துக்கினு போயி உங்கம்மாகிட்ட குடு, பொரிச்சுத் தருவா" என்று வாத்தியார் சொல்வார். பிள்ளைகள் சிரிப்பார்கள். பள்ளிக்கூட வாசலை ஒருநாள் மிதித்தவர்களுக்குக்கூட இது தெரியும்.

பேத்தியின் நோட்டில் ரைட்டு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றிரண்டு இடத்தில் இருந்தது. மற்றதெல்லாம் முட்டை. சில பக்கங்களில் டீச்சருக்குக் கோபம் தாங்கவில்லை போலிருக்கிறது. முட்டைக்குள் முட்டையாகச் சுழித்து, அதைச் சுற்றி வளைவு வளைவாகக் கிறுக்கி, பக்கத்தையே அடைத்திருந்தார். நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டேன். குழந்தைக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால்தான் இங்கே கூட்டி வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வருத்தம் என்று சொல்ல முடியாது. தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் சொன்ன காரணம் வேறு. என் வீட்டுக்காரர் போய்விட்டார், நான் தனியாக இருக்கிறேன், அதற்காக வந்தோம் என்றார்கள். அவர் போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. சப்பணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் கொஞ்ச நேரம் நம்முடையதாக இருக்காதே, அந்த மாதிரி. சாவுக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலாக, பந்தல்காரர் வண்டியிலிருந்து நாற்காலி இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மகன் வந்தான், மருமகள் வந்தாள், குழந்தை வந்தது. வீட்டில் சத்தம் கூடியது. உலையில் கூடுதலாக அரிசி போட்டேன்.

மகனுக்கு வேலை செம்பரம்பாக்கம் தாண்டி, கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில். அது ஜப்பான்காரர்களுடையது. அவர்கள்தான் அவனைச் சில வருஷம் அங்கே அனுப்பி வைத்திருந்தார்கள். குழந்தை அங்கே மூன்றாவது முடித்திருந்தது.

"இங்க நாலாவதுல சேத்துட்டா இங்கயே இருந்துடலாம்மா" என்றான் மகன். "இல்லன்னா கம்பெனில திரும்பக் கூப்புடறாங்க. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள பதில் சொல்லணும்."

ஆக, குழந்தைக்கு நாலாவதில் இடம் கிடைத்தால் அவர்கள் என்னோடு இருப்பார்கள். கிடைக்காவிட்டால் போய்விடுவார்கள். நான் தலையாட்டினேன்.

பள்ளிக்கூடத்துக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. நாங்கள் கத்தரி போட்டிருந்த நிலத்தில் இப்போது அடுக்கு வீடுகள் நிற்கின்றன. காலையில் பார்த்தால் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு மஞ்சள் வேன், ஒவ்வொரு வேன் மேலும் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். ஒரே மாடியில் இருக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு வேனில் ஏறி ஆளுக்கொரு பக்கம் போவார்கள். பேத்தி அதைப் பால்கனியிலிருந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவங்கல்லாம் சண்டையா?" என்று கேட்டது. அங்கே தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வரிசையாக நடந்து போவார்களாம்.

என் தம்பி ஐயப்பன்தாங்கலில் இருக்கிறான். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது டிக்கெட் பைக்குப் பதிலாகக் கையில் போன். உலகத்தில் எது நடந்தாலும் அவனைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் கை கழுவும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, ஃபின்லாந்துன்னு ஒரு நாடு கீது. ஏழு வயசு வரிக்கும் புள்ளைங்கள ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டானாம். ஓம்வர்க் கெடையாது, பரீச்ச கெடையாது. ஆனா படிப்புல அவன்தான் டாப்பாம்."

"பரீட்சையே இல்லாம டாப்புன்னு எப்படி மாமா கண்டுபுடிச்சாங்க?" என்று மருமகள் கேட்டாள். அவள் சேலத்துப் பக்கம். சிரிக்காமல் கிண்டல் செய்வாள்.

தம்பி கறித்துண்டை எடுத்த கையோடு நின்றுவிட்டான். "அது எனக்கும் பிரியலம்மா. வீடியோல அத்த சொல்லல."

"எல்லா நாட்டுப் பசங்களுக்கும் பொதுவா ஒரு பரீட்சை வைப்பாங்க மாமா" என்றான் மகன். "அதுல வர்றதுதான் இந்த லிஸ்ட்டெல்லாம். சிங்கப்பூர் மேல இருக்கும். ஜப்பானும் மேலதான்."

"நம்ம நாடு எத்தினியாவது ரேங்க்கு, நைனா?"

"நம்ம நாடு அந்தப் பரீட்சைக்கு இப்பல்லாம் போறதே இல்லையாம்."

"இன்னாது? ஆப்செண்ட்டா?"

"ஆப்செண்ட்டு."

தம்பிக்குப் புரையேறியது. "சோக்கா கீதே! பெயிலாயி மானம் போறதுக்கு ஆப்செண்ட்டே மேலுன்னு உட்டுட்டான் பாரு. நம்மாளு கெட்டிக்காரன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. மெல்லச் சொல்வேன், பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது. வாத்தியார் தலை நிமிராமல் ஆப்செண்ட் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அஞ்சாவதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேசினபோது, "அவ எங்க ஒழுங்கா போறா" என்று அதையே காரணமாகச் சொன்னார்கள். தினமும் போனேன். அதை யார் சொல்வது?

பேத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே தம்பியிடம் கேட்டது: "தாத்தா, இங்க ஸ்கூல்ல சாப்பாடு யாரு போடுவாங்க?"

"ஆயா போடுவாங்க."

குழந்தை என்னைப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். "நீ ஸ்கூலுக்கு வருவியா?" என்று என்னிடம் கேட்டது. திரும்பவும் எல்லாரும் சிரித்தார்கள்.

"அங்க நாங்களேதான் போடுவோம், வெள்ளைத் தொப்பி வச்சுக்கிட்டு" என்றது. "சாப்ட்டு முடிச்சு நாங்களே பெருக்கித் தொடைப்போம்."

"காசையும் வாங்கிக்கினு புள்ளைங்கள பெருக்க வுட்றானா? இங்க செஞ்சா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போயி உக்காந்துடுவான்!"

"காசு வாங்க மாட்டாங்க மாமா. அது கவர்மெண்ட் ஸ்கூல்" என்றாள் மருமகள்.

"அத்தோ! ஏரோப்ளேன்ல ஏறிப் போயும் கவர்மெண்ட் ஸ்கூலுதானா!" என்று தம்பி தட்டைத் தட்டினான்.

அடுத்த வாரம் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் பூந்தமல்லி போகிற வழியில் இருந்தது. பெயரிலேயே இண்டர்நேஷனல் என்று இருந்தது. மகனுக்கு ஷிப்ட். அதனால் மருமகளும் குழந்தையும் நானும் போனோம். உள்ளே நுழைகிற சுவரில் பல நாட்டுக் கொடிகளை வரைந்திருந்தார்கள். குழந்தை ஜப்பான் கொடியைக் கண்டுபிடித்து, "ஆயா, ஆயா, இங்க பாரு" என்று கத்தியது. அங்கே நின்ற மிஸ் என்னைப் பார்த்து, "ஆயாம்மா, நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க. பேரண்ட்ஸ் மட்டும்தான் உள்ள" என்றார். வேலைக்கு வைத்த ஆயா என்று நினைத்துவிட்டார். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெஞ்சு நிழலில்தான் இருந்தது.

பெஞ்சுக்கு நேரே ஜன்னல். குழந்தை கணக்குப் போடுவது தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மளமளவென்று போட்டு முடித்தது. மிஸ் அங்கேயே சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தி, தாளைக் குழந்தையின் முன்னால் வைத்தார். எனக்கும் தெரிந்தது. மேலிருந்து கீழ் வரை ரைட்டு, ரைட்டு, ரைட்டு. ஒரு முட்டை இல்லை. பரவாயில்லையே என்று எனக்குத் தோன்றியது. ரொம்ப நாளாக எதுவும் தோன்றாமல் இருந்தவளுக்கு அது தோன்றியது. குழந்தை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தபோது அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அதன் முகம் சுருங்கிப் போயிருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து மூடிக்கொண்டது.

அப்புறம் பிரின்சிபால் வந்தார். இங்கிலீஷில் கேட்டார், தமிழில் கேட்டார். பெயர் என்ன, என்ன பழம் பிடிக்கும். எதற்கும் அது வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அதை வாய் மூட வைக்க முடியாது. மருமகள் முதுகைத் தடவினாள், காதில் கெஞ்சினாள். தலையைக் குனிந்தது குனிந்தபடியே இருந்தது.

வெளியே வந்து மருமகள் சொன்னாள். "ரெண்டாவதுல போடறாங்களாம் அத்தை. கணக்கு நல்லா வருதாம். ஆனா வாயே திறக்கலையாம், இங்கிலீஷும் பத்தாதாம். சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து பழகட்டும்ங்கறாங்க."

ஆட்டோவில் ஏறின பிறகு அவள் குழந்தையின் கன்னத்தைத் திருப்பிக் கேட்டாள். "ஏண்டி பேசல? தெரிஞ்சதைத்தானே கேட்டாங்க?"

"எல்லாமே தப்பு" என்றது.

"என்ன தப்பு?"

"கணக்கு. எல்லாமே தப்புன்னு போட்டுட்டாங்க. ஒரு மாருகூட இல்ல." அப்போதுதான் அழ ஆரம்பித்தது.

மருமகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ. மாருன்னா வட்டம் அத்தை. அங்க ரைட்டுக்கு வட்டம்தான் போடுவாங்க. இந்த டிக்கு போட்டா அங்க தப்புன்னு அர்த்தம். அதை இவளுக்குச் சொல்லிக் கூட்டிட்டு வரணும்னு எனக்குத் தோணவே இல்லையே."

நான் கேட்டேன். "அப்ப நோட்டுல கீற முட்டைங்கல்லாம்?"

"எந்த முட்டை?"

சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. "அதெல்லாம் ரைட்டு அத்தை! அந்தச் சுத்திக் கிறுக்குனது பூ. ரொம்ப நல்லா செஞ்சிருந்தா வட்டத்தச் சுத்தி இதழ் போட்டு பூவாக்கிடுவாங்க. இத்தனை நாளா இவள மக்குன்னா நெனைச்சுட்டு இருந்தீங்க?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

குழந்தை சிரிக்கவில்லை. "நீ என்னப் பாத்து சிரிச்ச" என்று என்னிடம் சொன்னது. "எல்லாம் தப்பாப் போட்டேன்னு சிரிச்ச."

"இல்ல கண்ணு" என்றேன். அதன் கண்ணை முந்தானையால் துடைத்தேன்.

மறுநாள் மருமகள் அந்த மிஸ்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்கினாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அப்படியா மேடம், ரொம்ப இண்டரெஸ்டிங்கா இருக்கு!" என்றது மிஸ்ஸின் குரல். "ஆனா ஒரு டிக்கைப் பாத்தே அப்செட் ஆகற குழந்தை நாலாவதுல எப்படி சமாளிக்கும்? ரெண்டாவதுன்னா சொல்லுங்க, சீட் வச்சிருக்கேன்."

அன்று சாயங்காலம் மகன் வேலையிலிருந்து வந்தான். தம்பியும் வந்திருந்தான். மருமகள் காப்பியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்.

"பின்னாடி தெரு கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போயி கேட்டுட்டு வந்துட்டேங்க. வயசுக்கு என்ன கிளாஸோ அதுல சேத்துப்பாங்களாம். நாலாவது. தொறந்த அன்னைக்கே கூட்டிட்டு வாங்கன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க."

"அங்கயா?" என்றான் மகன்.

"அங்க என்ன? நீங்க படிச்ச ஸ்கூலுதானே. அத்தை படிச்ச ஸ்கூலு."

"அதனாலதான் வேணாங்கறேன்."

தம்பி காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். "த பாரும்மா. ஜப்பான்ல படிச்ச பொண்ண இட்டாந்து பஞ்சாயத்து ஸ்கூல்ல சேத்தா ஊரு இன்னா பேசும்? பையனுக்கு வேல பூட்ச்சு, அதான் மூட்டையக் கட்டிக்கினு வந்துட்டான்னு பேசுவானுங்க."

"அங்கயும் கவர்மெண்ட் ஸ்கூலுதானே மாமா? இவர் கம்பெனி மேனேஜர் பொண்ணும் இவளும் ஒரே கிளாஸ். அப்ப யாரும் ஒண்ணும் பேசலையே."

"அது ஜப்பான்" என்றான் மகன்.

"அதத்தான் நானும் சொல்றேன். எந்த நாடு ஃபர்ஸ்ட்டு, எந்த நாடு செகண்டுன்னு மாமாவும் மருமகனும் வாராவாரம் பேசறீங்க. அவங்க செய்யறதுல ஒண்ண நம்ம செய்யலாம்னா மட்டும் ஊரு வந்துடுது."

"நீ அந்த ஸ்கூல்ல ஒரு நாள் உக்காந்துருக்கியா? நான் உக்காந்துருக்கேன். மழை வந்தா பெஞ்சோட நகந்து உக்காருவோம்."

"இப்ப நல்ல கட்டடம். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு ரூம். போயி உள்ள நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

"இருக்கட்டும். என் பொண்ணு அங்க வேணாம்." அவன் கத்தவில்லை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "ம்மா, நீ சொல்லு. இன்னா பண்ணலாம்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தையும் டிவியிலிருந்து திரும்பிப் பார்த்தது. இந்த வீட்டில் என்னைக் கேட்டு ஒரு விஷயம் நடந்ததில்லை. அவர் இருந்தவரை அவர் சொல்வார், நான் அடுப்பைப் பார்ப்பேன். இப்போது கேட்கிறார்கள். எனக்கு என்ன வேண்டும் என்று உள்ளே தேடிப் பார்த்தேன். பூட்டின வீட்டைக் கதவைத் தட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"கேஸ் தீரப் போவுது" என்றேன். "புக் பண்ணணும்."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். மருமகள் உள்ளே போய்விட்டாள். மகன் போனை எடுத்து கேஸ் புக் செய்தான். மறுநாள் காலையில் அதே போனில் கம்பெனியைக் கூப்பிட்டு, ஜப்பானுக்கே திரும்பிப் போவதாகச் சொன்னான்.

அவர்கள் போன அன்று வாசலில் கார் வந்து நின்றது. குழந்தை கையை ஆட்டியது. ரைட்டைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் அதனிடம் ஒருமுறை நன்றாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். டிரைவர் பின் கதவைச் சாத்திவிட்டார். வீட்டுக்குள் வந்து, அரிசியைக் குறைத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் தெரியப் பேசுவார்கள். முதல் வாரம் குழந்தை சொன்னது. "ஆயா, நான் நாலாவதுல இருக்கேன். ஷூ வைக்கிற இடத்துல என் பேரு ஒட்டி வச்சிருந்தாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே ஒட்டிட்டாங்க."

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

தம்பி அதே நாளில் சாப்பிட வருகிறான். "நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா பையன் நின்னுருப்பான்க்கா" என்று அவன் சொல்லாத வாரம் இல்லை.

"இன்னா வார்த்த?" என்று ஒருமுறை கேட்டேன். தெரியாமல்தான் கேட்டேன்.

அவன் யோசித்தான். "போவாதன்னு சொல்லிருக்கலாம். இல்ல, அந்த ஸ்கூல்லயே சேருடான்னு சொல்லிருக்கலாம்."

"நீதான வேணாம்ன?"

"நான் சொல்வேன்க்கா. நான் மாமன். என் பேச்ச யாரு கேக்கறாங்க? நீ அம்மா."

பள்ளிக்கூடம் திறந்து சில நாள் இருக்கும். காலையில் பால் வாங்கப் பின்தெரு வழியாகப் போனேன். பள்ளிக்கூடக் கேட்டில் ஹெச்.எம். நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். நடுத்தர வயசு அம்மா. என்னை எப்படி அடையாளம் தெரிந்ததோ, கூப்பிட்டார்.

"ஏம்மா, ஜப்பான்லேந்து வந்த பொண்ணு உங்க பேத்திதானே? வரலையே? நாலாவதுல அவளுக்கு இடம் வச்சு, மிஸ்ஸுகிட்டல்லாம் சொல்லி வச்சிருந்தேன். பிள்ளைங்க தினம் கேக்குதுங்க, ஜப்பான் பொண்ணு எப்ப வரும்னு."

"வரல மிஸ்" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் மாறியது. பழகிப்போன மாற்றம் போலத்தான் இருந்தது. "பிரைவேட்ல சேத்துட்டாங்களா?"

"இல்ல மிஸ். கவர்மெண்ட் ஸ்கூல்லதான்."

"கவர்மெண்ட்டா? எந்த ஊர்ல?"

"ஜப்பான்ல."

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். உள்ளே பிரேயருக்கு மணி அடித்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். நான் பால் வாங்கப் போனேன்.